மஸ்கி ஏரியில் கை நனைத்தது

2006 ஜூன் 17, சனிக்கிழமை. வழக்கம்போல அலாரம் அடிப்பதற்கு முன்பே எழுந்தேன். முகம் வழித்தேன். சன்னலோரக் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் விட்டேன். வாரம் முழுவதும் சேர்ந்த பத்திரிகைகளைக் கட்டி வைத்தேன். சனிக்கிழமைகளில் இதற்குப் பிறகு உடுப்புத் தோய்ப்பது என் வேலை. அன்று தோய்க்கவில்லை. மொன்ட்ரியால்-நோரில் எங்கள் வாசலுக்கு, பின்னால் ஒரு படகை இழுத்துக்கொண்டு ஒருவர் வரவிருந்தார்.

எங்கள் மகளுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. தன்னோடு மருந்துக் கடையில் வேலை செய்யும் ஒரு கியூபெக் பொடியனைக் கல்யாணம் செய்ய விரும்பினாள். குளிர்காலம் முழுவதும் நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கடைசியில் அவள்தான் இந்த ஏற்பாட்டைச் செய்தாள்.

"அவற்ற அப்பாவோட ஒரு நாள் ஏரிக்குப் போங்கோ அப்பா. பின்னேரம் வந்து முடிவைச் சொல்லுங்கோ. அதுக்குப் பேந்து நான் கேக்க மாட்டன்."

கேட்க மாட்டாள் என்றால் அவனை மறந்துவிடுவாளா, எங்களை மறந்துவிட்டுப் போய்விடுவாளா? அது எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

மனைவி புட்டையும் முட்டைப் பொரியலையும் ஒரு பெட்டிக்குள் அடைத்துத் தந்தாள்.

"இஞ்சருங்கோ, ஒரு முடிவுக்கும் வராமல் அவையின்ர சாப்பாட்டில கை நனைச்சுப் போடாதேங்கோ."

சம்பந்தம் பேசும் இடத்தில், காரியம் சரிவரும் வரை நாங்கள் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டால் கை நனைத்ததாகும். கை நனைத்தால் சம்மதம்.

"ஏரிக்கெல்லே போறன். அவையின்ர வீட்டுக்கில்லையே."

"எங்கயெண்டாலும் கை கைதான்."

பொடியனின் அப்பா வந்தார். பெரிய உடம்பு, நிறம் போன சிவப்புத் தொப்பி. என் பிரெஞ்சு கந்தோர் வேலையில் பழகியது. அவருடையது ஒவ்வொரு சொல்லின் வாலையும் விழுங்கிவிட்டு வந்தது. லவால் நகரைத் தாண்டி வடக்கே போகும்போது அவர் சொன்னதில் பாதியைப் பிடித்தேன், மீதிக்குத் தலையாட்டினேன்.

ஏரி ஒரு மாகாணப் பூங்காவுக்குள் இருந்தது. படகு இறக்கும் இடத்தில் ஒரு பலகை. அதில் முதலை போல நீண்ட வாய் கொண்ட மீனின் படம். மஸ்கினொஞ்சே என்பது அதன் பெயர், இங்குள்ளவர்களுக்கு மஸ்கி. படத்துக்குக் கீழே விதைப்பு என்று பொருள்படும் ஒரு சொல் இருந்தது. மீனை எப்படி விதைப்பார்கள்? அவர் தன் விரலைக் காட்டினார். இந்த நீளக் குஞ்சுகளைப் பூங்காக்காரர் கொண்டுவந்தார்களாம். மகன் சின்னவனாக இருந்தபோது, இருவரும் வாளிகளில் சுமந்துபோய் ஏரிக்குள் விட்டார்களாம்.

விதைத்தால் எப்போது அறுவடை என்று கேட்க நினைத்தேன். அறுவடைக்குச் சொல் வரவில்லை. "எப்போது வெட்டுவீர்கள்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் திடுக்கிட்டுப் பார்த்தார். "வெட்டுவதா? நாங்கள் யாரையும் வெட்டுவதில்லை."

மதியம் வரை அவர் வீசிக்கொண்டே இருந்தார். ஒரு சாண் நீள மீன் பொம்மை கட்டிய தூண்டிலைத் தூர எறிவார், சுற்றி இழுப்பார், மறுபடியும் எறிவார். ஒன்றும் வரவில்லை. அதைப் பற்றி அவருக்குக் கவலை இருந்ததாகவும் தெரியவில்லை. பிறகு எனக்கு ஒரு சாண்ட்விச் நீட்டினார். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு என் புட்டுப் பெட்டியைத் திறந்தேன். அவர் புட்டைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார். கொஞ்சம் ருசி பார்க்கலாமா என்று கேட்டார். கொடுத்தேன். மூன்று தரம் வாங்கினார். அப்படியானால் இவர் சம்மதித்துவிட்டாரா? இவருக்கே தெரியாமல் சம்மதித்தால் அது செல்லுமா?

அந்த யோசனையில் இருந்தபோதுதான் தூண்டில் வளைந்தது. படகுக்கு அருகில் பச்சையும் பழுப்புமாக ஒரு முதுகு புரண்டது. அவர் வலையைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்துக்கொண்டு, குறட்டால் கொக்கியைக் கழற்றினார். பிறகு என்னைப் பார்த்துக் கத்தினார்.

"கையை நனை! கையை நனை!"

நான் அசையாமல் நின்றேன். இதை இவருக்கு யார் சொன்னது?

"நனை, சீக்கிரம்!"

முழங்கை வரை ஏரிக்குள் விட்டேன். காய்ந்த கை பட்டால் மீனின் மேலுள்ள வழுவழுப்பு உரிந்துவிடும், பிறகு அதற்கு நோய் வரும் என்று பின்னர்தான் விளக்கினார். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் கை நனைந்துவிட்டது என்பது மட்டும்தான். மீனை என் கையில் தந்தார். அது நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது, அமைதியாகவும் இருந்தது. அவர் வாலைப் பிடித்துக்கொண்டார்.

"அவள் வடிவு," என்றார். "நாங்கள் வளர்த்தவள். ஆனால் எங்களுக்குச் சொந்தமில்லை. போக விட வேண்டும்."

தமிழில் மீன் எப்போதும் 'அது'தான். பிரெஞ்சில் மேசைக்குக்கூட ஆண், பெண் உண்டு என்பது படித்த பாடம். அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

"அவளுக்கு இருபத்து நாலு வயதுதான் ஆகிறது," என்றேன்.

அவர் மீனைத் தலையிலிருந்து வால்வரை பார்த்தார். "இல்லை இல்லை. கூடினால் பதினைந்து."

அதற்குள் அது வாலை ஒரு முறை அசைத்து, என் கைகளுக்கிடையிலிருந்து போய்விட்டது. அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு தண்ணீரைப் பார்த்தார். அவர் பேசியது முழுக்க மீனைப் பற்றித்தானா என்று நான் கேட்கவில்லை. இன்று வரை கேட்டதில்லை.

வீட்டுக் கதவைத் திறந்ததும் மனைவி மூக்கைப் பொத்தினாள்.

"மணம் வந்திட்டுது, மீன் எங்கயப்பா?"

"விட்டிட்டம்."

"பிடிச்ச மீனையோ? விசரோ உங்களுக்கு? சரி, அவையின்ர சாப்பாடு சாப்பிட்டனீங்களோ?"

"இல்லை. ஆனா கை நனைச்சனான்."

நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். 'பதினைந்து' என்ற இடத்தில் மகள் சிரித்துச் சிரித்துத் தரையில் இருந்துவிட்டாள். மனைவி சிரிக்கவில்லை.

"அவர் எங்கட புட்டில கை நனைச்சிட்டார், நீங்கள் அவையின்ர ஏரியில நனைச்சிட்டீங்கள். இனி என்னத்தைக் கதைக்கிறது?" என்று குசினிக்குள் போய்விட்டாள். பகிடியா, தீர்ப்பா? அவளது முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அப்ப ஓமா அப்பா?"

"எனக்கு ஒண்டும் விளங்கேல்லைப் பிள்ளை. காலமை சொல்லுறன்."

கையை இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். மணம் போகவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக, செடிக்குத் தண்ணீர் விடுவதற்கும் முன்பு, பொடியனின் அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அடுத்த ஞாயிறு மதியம் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னேன். மீன் சாப்பிடுவீர்களா என்றும் கேட்டேன்.