மச்சாளின் காருக்கு நான் எடுத்த அளவு

என் கராஜுக்குள் என் கார் கடைசியாக நின்று மூன்று வருடமாகிறது. அந்த இடத்தில் என் கணவரின் தங்கை, அதாவது என் மச்சாள், ஒரு பழைய காரைக் கொண்டுவந்து போட்டிருக்கிறாள். அவள் இருப்பது டோர்செட் பார்க்கில் ஒரு அடுக்குமாடியின் பதினோராம் மாடியில். எங்களுக்கு அஜின்கோர்ட்டில் தனி வீடு. தங்கை கேட்டதும் மனுசன் தலையாட்டிவிட்டார். பனிக்காலத்தில் விடிய எழும்பி, வெளியே நிற்கும் காரின் கண்ணாடியைச் சுரண்டுகிறவள் நான்.

பாடசாலை பஸ் ஓட்டுகிறவளுக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று எனக்குத் தெரியாது. ஹாட் ராட் என்பார்கள். எண்பது, தொண்ணூறு வருடப் பழைய காரின் உடம்பை மட்டும் வைத்துக்கொண்டு, எஞ்சின், அச்சு, சில்லு எல்லாவற்றையும் மாற்றி, அதைச் சீறிக்கொண்டு ஓட வைப்பது. முதல் வருடம் நான் அவளை வாய்க்கு வந்தபடி நக்கலடித்தேன். அவள் கோபிக்கவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பொருத்தமான பின் அச்சு ஒன்றுக்காக இரண்டு கோடை தேடினாள். கடைசியில் ஒஷாவாவில், பழைய இரும்பு விற்கிற ஒருவரின் வளவில் ஒன்று கிடைத்தது. துணைக்கு நானும் போனேன். சில்லு ஒரு தரம் சுற்ற, எஞ்சின் பக்கம் நீட்டியிருக்கும் தண்டு நாலு தரத்துக்கு மேல் சுற்றும் என்று விற்றவர் அடித்துச் சொன்னார். மச்சாள் தண்டிலும் அச்சின் இரண்டு நுனியிலும் சோக்கால் கோடுகள் போட்டாள். அச்சின் ஒரு நுனியை என்னைப் பிடிக்கச் சொல்லி, மற்ற நுனியைத் தான் பிடித்து, இருவருமாகச் சரியாக ஒரு சுற்றுச் சுற்றினோம். எஞ்சின் பக்கத் தண்டு மூன்றரைச் சுற்றில் நின்றது.

"எனக்கு உதுதான் வேணும்" என்று என் காதுக்குள் சொன்னாள். "நாலெண்டால் ஹைவேயில எஞ்சின் கத்திக்கொண்டெல்லே இருக்கும்."

பிறகு ஈர மண்ணில் முழங்கால் ஊன்றி, அச்சின் குழாய் வளைந்திருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தாள். எனக்கு அப்போதே அவள்மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

அச்சு அவளுடைய காருக்கு அகலம் கூட. இரண்டு பக்கமும் வெட்டிக் குறுக்கவேண்டும். அதற்காக ஒரு பட்டறையில் கொண்டுபோய்ப் போட்டோம். எவ்வளவு வெட்டுவது என்பதை நாங்கள்தான் சொல்லவேண்டும். வெட்டி, ஒட்டி, அந்த நீளத்துக்கு உள்ளே சுற்றும் தண்டுகளும் செய்தபிறகு பிழை என்று தெரிந்தால், இரண்டு கோடைத் தேடலும் போச்சு. அந்த அளவை எடுக்கும் வேலையை மச்சாள் என்னிடம் தந்தாள். நான் வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இருபது வருடமாகப் பரிசோதகர். மயிரிழை பிசகினாலும் பெட்டியைத் திருப்பி அனுப்புகிறவள். காரின் பின்பக்கத்தை ஜாக்கால் தூக்கி, உடம்புக்கு முட்டுக்கொடுத்து, பழைய சில்லுகளைக் கழற்றிவிட்டுப் புதியவற்றை மட்கார்ட்டுக்கு அடியில் நிறுத்தி, நிலத்தில் கோடு போட்டு அளந்தேன். மூன்று தரமும் ஒரே எண்தான் வந்தது.

"வடிவா அளந்திருக்கிறீர்" என்றாள். "எண்டாலும் ஒருக்கால் பாரம் ஏத்திப் பாப்பம். சனிக்கிழமை வாறன்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "இருவது வருஷமா அளக்கிறன். என்ர அளவில சந்தேகமோ?"

"ஐயோ, உம்மட அளவில என்ன சந்தேகம்?" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கெடுத்தது. வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் நானே பட்டறைக்குப் போன் எடுத்து, என் எண்ணைச் சொல்லி, வெட்டுங்கள் என்றேன். அன்று முழுக்க வீம்பாகத் திரிந்தேன்.

சனிக்கிழமை காலை அவள் ஆறு மூட்டை அரிசியோடு வந்து இறங்கினாள்.

"என்ன, சாமத்தியவீட்டுக்குச் சமைக்கவோ?" என்று கேட்டேன்.

அவள் காரின் உடம்புக்குக் கொடுத்திருந்த முட்டுகளை எடுத்துப் அதில் இன்னும் கிடந்த பழைய அச்சின் கீழே வைத்தாள். இப்போது காரின் உடம்பை ஸ்பிரிங்தான் தாங்கியது. பெற்றோல் தாங்கி வரவேண்டிய இடத்தில் நாலு மூட்டை, பக்கத்து இருக்கையில் இரண்டு மூட்டை. சாரதி இருக்கையில் தானே ஏறி இருந்தாள்.

"ஓட்டப்போறது நான்தானே. நீர் குனிஞ்சு பாரும்."

குனிந்தேன். கார் மூன்று அங்குலம் பதிந்திருந்தது. மட்கார்ட்டின் உள்ளே மடிந்திருக்கும் தகரம், என் கோட்டில் பிசகாமல் நின்ற டயரின்மேல் குந்திக்கொண்டிருந்தது. ஒரு கடதாசி போக இடமில்லை. இந்த அளவில் வெட்டினால், முதல் பள்ளத்திலேயே டயர் கிழியும். நான் அளந்தது அந்தரத்தில் தொங்கிய காரை. அதற்குள் ஆள் இருக்கும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

"மச்சாள், நான் ஒரு அநியாயம் செய்துபோட்டன்" என்றேன். "வியாழக்கிழமையே வெட்டச் சொல்லிப்போட்டன்."

அவள் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, "தெரியும்" என்றாள். "அச்சு என்ர பேரிலதானே கிடக்குது. வெட்ட முன்னம் பட்டறைக்காரர் எனக்குப் போன் அடிச்சுக் கேட்டவங்கள். பொறுக்கச் சொன்னனான்."

"அதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நம்பியிருப்பீரோ?"

நம்பியிருக்கமாட்டேன். சண்டை பிடித்திருப்பேன், மனுசனையும் அதற்குள் இழுத்திருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்படி ஒருத்தியைப் போய் நக்கலடித்திருக்கிறேனே என்று அழுகையும் வந்தது.

அரிசியை இறக்காமலே டயரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி, இரண்டு விரல் போகுமளவு இடம் விட்டு, மறுபடி அளந்தேன். பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் குறைந்தது. எண்ணை எழுதும்படி அவளிடம் பென்சிலை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நீரே எழுதும். திங்கட்கிழமை நீரே அடிச்சுச் சொல்லும்" என்றாள். "அளவு சொல்லுறது என்ர மச்சாள்தான், அவ திரும்ப அடிச்சாத்தான் வெட்டவேணும் எண்டு வியாழக்கிழமையே அவங்களுக்குச் சொல்லிப்போட்டன்."