வாழ்த்துப் பலகையில் இல்லாத முகம்

இன்று காலை நாங்கள் வாழும் செயின்ட்-மிஷேலில் பேருந்துக்காக நின்றேன். தரிப்பிடத்தின் பூட்டிய கண்ணாடிப் பலகைக்குள் எங்கள் கோயிலின் மார்கழி விளம்பரம். கையில் விளக்குடன் ஒரு பெண்பிள்ளை. கீழே அயலவர்களுக்குப் பிரெஞ்சில் வாழ்த்து.

பிள்ளையின் முகம் மட்டும் இல்லை. பிளேடால் வட்டமாக வெட்டி எடுத்திருந்தார்கள்.

அவள் கோயில் செயலாளர் யோகனின் மகள். கிறிஸ்மஸ், நத்தார் காலத்தில் தெருவில் இப்படி விளம்பரம் வேண்டாம், போட்டாலும் பிள்ளைகளின் படம் வேண்டாம் என்று கூட்டத்தில் சொன்னேன். அதற்காக என்னை நிர்வாகத்திலிருந்து விலக்கியவரும் இதே யோகன்தான்.

படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். உடனே அழைத்தார்.

"ஆரோ குடிவெறிகாரன் கண்ணாடியை உடைச்சுக் கிழிச்சிருப்பான். உமக்கு இப்ப நல்ல புளுகம், சந்தோசம், என்ன?"

"கண்ணாடி உடையேல்லை, யோகன். பூட்டும் பூட்டினபடி கிடக்கு. திறந்து வெட்டிப்போட்டுத் திரும்பப் பூட்டியிருக்கிறாங்கள்."

நான் குனிந்து கீழே தேடினேன்.

"வெட்டின துண்டையும் காணேல்லை. கையோடை கொண்டு போயிட்டாங்கள்."

"அண்ணை," என்றார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு என்னை அவர் அப்படி அழைத்ததே இல்லை. "பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு உந்த ஸ்டாப்பிலைதான் இறங்கிறவள். நான் தூரத்திலை, டோர்வலிலை வேலையிலை நிக்கிறன்."

"நான் போய் நிக்கிறன்," என்றேன்.

என்னை வெளியேற்றக் கை உயர்த்திய பெரியவர்களே, இந்தப் பதிவுக்கு லைக் போட வேண்டாம். பின்னேரம் என் பக்கத்தில் வந்து நிற்க யாருக்கு நேரமிருக்கிறது என்று மட்டும் கீழே எழுதுங்கள்.