மாமாவின் காரும் மருதமுனைச் சாயமும்

எண்பதுகளின் தொடக்கம். கல்முனையில் கல்யாணம் முடித்து, எங்கள் வழக்கப்படி பெண் வீட்டில் குடிபுகுந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. புது மருமகனுக்கு நல்ல சாப்பாடு இருந்தது, செய்ய வேலைதான் இல்லை. அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

மாமாவிடம் ஒரு பழைய ஒஸ்டின் கார் இருந்தது. பிள்ளையைப்போல வைத்திருந்தார். ஆனால் அதன் தோல் சீட்டுகள் வெளிறி, பால் விடாத, ஆறிப்போன பிளேன்டி நிறத்துக்கு வந்திருந்தன. அவர் சாகாமத்து வயலில் வேளாண்மை வெட்டுக்குப் போன இரண்டு நாளில் அவற்றை மெரூன் நிறமாக்கிப் பெயர் எடுக்க நினைத்தேன். மருதமுனையில் நெசவு செய்யும் கூட்டாளியிடம் சாயம் கேட்டேன்.

“இது நூலுக்குப் போடுறடா மச்சான், தோலுக்குப் புடிக்காது” என்றான்.

சாயம் சாயம்தானே என்று மூன்று தடவை பூசினேன். காய்ந்ததும் மாப்பிள்ளைக் கார் மாதிரி மினுங்கியது.

வெள்ளிக்கிழமை காலை மாமா வந்தார். உள்ளே எட்டிப் பார்த்து, “நல்லாத்தான் கிடக்கு” என்றார். ஜும்ஆத் தொழுகைக்கு இருவரும் வெள்ளைச் சாரன், வெள்ளைச் சட்டையுடன் புறப்பட்டோம். நான்தான் ஓட்டினேன். நல்ல வெயில். இருவருக்கும் வியர்த்துக் கொட்டியது.

பள்ளிவாசலில் மாமா முன் வரிசையில், நான் அவருக்குப் பின்னால். குத்பா பிரசங்கம் தொடங்கியது. நிமிர்ந்து பார்க்கிறேன், மாமாவின் முதுகு மெரூன்! சீட்டின் தையல்கூட வரிவரியாகப் பதிந்திருந்தது. குத்பா நேரம் வாய் திறக்கக் கூடாது. சைகை காட்டலாமென்றால் அவருக்கு முதுகில் கண் இல்லை. தொழ எழும்பி நின்றதும்தான் சாரனின் பின்பக்கத்தையும் கண்டேன். தொழுகை முடிந்து சலாம் கொடுத்ததும் நேரே பஸ் டிப்போவுக்கு ஓடி, எந்த ஊர் பஸ் நின்றாலும் ஏறிவிடுவது என்றே முடிவெடுத்துவிட்டேன்.

ஆனால் மாமா முதல் ஆளாக எழும்பிவிட்டார். வேறு வழியில்லை, அவருடைய முதுகோடு ஒட்டிக்கொண்டு நடந்தேன். அவர் நின்றால் நான் நின்றேன், திரும்பினால் திரும்பினேன்.

“மருமகன் எண்டா இப்பிடி இரிக்கணும்” என்றார் ஒரு பெரியவர்.

வாசலில் ஒரு கடைக்காரர், ஊரிலேயே பெரிய தொண்டை அவருக்கு. மாமாவை அண்ணன் முறையில் ‘காக்கா’ என்றுதான் கூப்பிடுவார்.

“என்ன காக்கா, மாமனும் மருமகனும் ஒரே டிசைன்ல சட்டை தெச்சிரிக்கீங்க?”

ஒரே டிசைனா? என் முதுகைத் தடவினேன். கை சிவந்து வந்தது. நானும் அதே காரின் சீட்டில் சாய்ந்துதானே வந்தேன்! எனக்குப் பின்னால் இருந்த அத்தனை வரிசையும் குத்பா முழுக்க என் முதுகைத்தான் ரசித்திருக்கிறது.

எல்லோரும் சிரித்தார்கள். மாமா அசையவில்லை. “ஓம், நான்தான் சாயம் பூசச் சொன்ன. காய முந்தி அவசரப்பட்டு ஏறினதும் நான்தான்” என்றார்.

காரில் ஏறிய பிறகு மெதுவாகக் கேட்டேன், “மாமா, ஒங்களுக்கு எப்பத் தெரியும்?”

“தொழ முந்தி வுழூவுக்குக் கை கழுவக்குள்ளயே. கையால செவப்புத் தண்ணி ஓடிச்சு. சொன்னா நீங்க தொழாம ஓடியிரிப்பீங்க.” பிறகு, “இந்த உடுப்பைப் பத்தி மாமிக்கிட்ட மட்டும் நீங்கதான் கதைக்கணும். அதுக்கு எனக்கும் தைரியமில்ல” என்றார்.

அடுத்த கிழமை நெசவுக் கூட்டாளி, சிரித்துச் சிரித்தே, சாரன் துணியில் சீட்டுறை தைத்துத் தந்தான். கட்டம் போட்ட அந்தக் காருக்குள் மாமா பல வருடம் கௌரவமாகப் போய்வந்தார்.

இப்போது எனக்கும் ஒரு மருமகன். போன மாதம் என் மோட்டார் சைக்கிளைப் பக்கத்து மதிலில் முட்டிவிட்டு, முகம் செத்து நின்றார். “பிரேக் பிழை எண்டு சொல்ல மறந்தது நான்தான்” என்று அயலவர்களிடம் சொன்னேன். பிரேக்கில் ஒரு பிழையும் இல்லை. வெட்கப்பட்டு நிற்கிறவனுக்குப் பக்கத்தில் நாமும் அதே கறையோடு போய் நின்றால் அவன் ஊரைவிட்டு ஓடமாட்டான் என்பதை, அன்று பள்ளி வாசலில், முதுகெல்லாம் மெரூனாகத்தான் நான் படித்தேன்.