நீலப் பொடியும் என் பொறாமையும்

மாதாப்பூர் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். சீன வைத்தியத்தில் பயன்படும் செடிகளின் சாற்றை ரத்தப் புற்றுநோய் செல்கள் மேல் விட்டு, எது அவற்றைக் கொல்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. எனக்குக் கிடைத்தது ஒரு மஞ்சள் வேர். ஐந்து வருடம் அதோடு மல்லுக்கட்டினேன். செல்கள் அவை பாட்டுக்கு வளர்ந்தன.

அப்போதுதான் திருநெல்வேலியிலிருந்து புது மாணவியாக அவள் வந்து சேர்ந்தாள். என்னைவிட ஐந்து வயது சின்னவள். மௌலா அலி ரயில்வே காலனியில் வளர்ந்த நான் 'வேண்டாம்' என்பதற்கு உருது கலந்து 'நக்கோ' என்பதைக் கேட்டு, "நக்கோன்னா என்னக்கா?" என்று சிரிப்பாள். பேராசிரியர் அவளுக்குக் கொடுத்தது அவுரி இலையிலிருந்து எடுக்கும் நீலப் பொடி. மூன்றே மாதத்தில் அவள் செல் வளர்த்த தட்டில் புற்றுச் செல்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக் கிடந்தன. எல்லோரும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம். "நல்லா வந்திருக்கு" என்றேன். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தப் பொடியின் சாறு நல்ல செல்களை விட்டுவைக்கிறதா என்று சோதிக்கும் வேலை என்னிடம் வந்தது. என் ரத்தத்தையே எடுத்துச் செய்தேன். நல்ல செல்களும் செத்தன. மறுபடி செய்தேன், அதே முடிவு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பக்கத்து மேசையிலிருந்த அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நேரே பேராசிரியர் அறைக்குப் போனேன். மாநாட்டுக்கு அவள் அனுப்பியிருந்த கட்டுரையை அவர் அன்றே திரும்பப் பெறச் சொல்லிவிட்டார்.

அவள் என்னிடம் வந்தாள். "முதல்ல எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லாக்கா."

"தோணலை" என்றேன்.

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, "சரி, அந்தத் தட்டைக் காட்டுங்க. எந்த அளவுல சாவுதுன்னு பார்க்கணும்" என்றாள்.

சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு வருடம் விடாமல் செய்தாள். ஒரு பகுதி மட்டும் நல்ல செல்களைத் தொடாமல் புற்றுச் செல்களின் வளர்ச்சியைத் தடுத்தது. இன்னும் அது மருந்தாகவில்லை, தட்டில் கண்டது மட்டும்தான். கட்டுரையில் தன் பெயருக்கு அடுத்து என் பெயரைப் போட்டிருந்தாள். "தப்பைக் கண்டுபிடிச்சது நீங்கதானேக்கா" என்றாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் போட்டிருக்க மாட்டேன். சாறு வேலை செய்ததைவிட அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என் வேர் பலன் தரவில்லை என்று எழுதித்தான் பட்டம் வாங்கினேன். இப்போது சைனிக்புரியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். அவளுடைய புதுக் கட்டுரை எதையும் இதுவரை முழுதாகப் படித்ததில்லை.