வாசற்படிக்கு அடியில் இருந்த தகடு

மொய்னுதீன் பாய் திருவண்ணாமலையில் முப்பது வருஷம் கதவும் நிலையும் செய்தவர். முன்கோபி. வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று யோசனை சொன்னால் உளியைக் கீழே வைத்துவிட்டு, "நீங்களே செய்ங்க, நான் பாக்குறேன்" என்பார்.

1982 வைகாசியில் சக்கரபாணி அவரைக் கூப்பிட்டான். வாசற்படியைக் கரையான் தின்றிருந்தது. அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு இரண்டு வருஷமாகியிருந்தது. அண்ணன் லாரியில் அடிபட்டுச் செத்தான். சக்கரபாணி மனைவி ரேணுகாம்பாளுக்கு இரண்டு முறை கரு கலைந்தது. எல்லாம் அண்ணன் மனைவி சரோஜா கால் வைத்த நேரம் என்று அவன் முடிவு கட்டிவிட்டான். அவளைத் துரத்த ஒரு சாக்குதான் பாக்கி. அவளுக்கோ பின்கட்டு அறையை விட்டால் போக்கிடம் கிடையாது.

பாய் கடப்பாரையை விட்டு நெம்பினார். கட்டை புட்டு மாதிரி உதிர்ந்தது. அடியில் ஒரு செப்புத் தகடு, கட்டம் கட்டமாக உருது எழுத்தோடு, பச்சை பூத்துக் கிடந்தது. பழைய தகடு என்று குழந்தைக்கும் தெரியும்.

"ரேணுகா, வந்து பாரு! இந்தச் சரோஜா செய்வினை வெச்சிருக்காடி!" என்று கத்தினான் சக்கரபாணி.

சரோஜா ஓடி வந்தாள். "சத்தியமா எனக்குத் தெரியாது தம்பி. நான் இந்த வீட்டுக்கு வந்தே ஆறு வருஷந்தான?"

சாக்கு கிடைத்தவனிடம் வருஷக் கணக்கு எடுபடுமா?

பாய்க்கு அந்தத் தகட்டைத் தெரியும். சக்கரபாணி கைக்குழந்தையாக இருந்தபோது வலிப்பு வந்து கண் சொருகும். அவன் அப்பா அழுது கேட்டதால், பாய்தான் தர்காவில் ஓதி வாங்கிவந்து வாசற்படிக்கு அடியில் அதைப் புதைத்தார். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. சாட்சி அவர் ஒருவர்தான். சொன்னால் இனி எந்த வீட்டிலும் நிலை வைக்கக் கூப்பிட மாட்டார்கள்.

பயந்துகொண்டேதான் சொன்னார். "அந்தம்மாவ விடு சக்கரபாணி. வெச்சது நான். உன் உசுருக்காக உங்கப்பா வெக்கச் சொன்னாரு."

சக்கரபாணி அவரைப் பார்த்தான். பிறகு சரோஜாவைப் பார்த்தான். மெல்லத் தலையாட்டினான்.

"அப்படியா? வெச்சது நீங்க. வெக்கச் சொன்னது இவ."

பொழுது சாய்வதற்குள் அவள் டிரங்குப் பெட்டி தெருவுக்கு வந்தது. படி இல்லாத வாசலைத் தாண்டி வந்தவள் பாயிடம் கேட்டாள்:

"தெரியாது தெரியாதுன்னே சாதிச்சிருப்பேன். நீங்க ஏன் பாய் வாயத் தொறந்தீங்க?"

பாய் குனிந்தார். பெட்டியின் ஒரு பக்கப் பிடியைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை அவளோடு நடந்தார்.