கழற்ற முடியாத வீடு

வீடு என்ற பேச்சை எடுத்தாலே காந்திமதிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். வராமல் என்ன செய்யும்? பிறந்த ஊர் இன்று நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கிடக்கிறது. கல்யாணமாகி வந்தது சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ். புருஷன் ராஜாங்கம் சுரங்கத்தில் மண்ணை வெட்டியெடுக்கும் ராட்சத மெஷினை ஓட்டிய பெர்மனென்ட் ஆள். அவர் ரிட்டயர் ஆனதும் சாவியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அடுத்து வரும் குடும்பத்துக்காக அடுப்பு மேடையைத் துடைத்து வைத்துவிட்டு வந்தாளே, அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

அதனால்தான் கம்மாபுரம் பக்கம் மாமியார் வழியில் வந்த மனையில் கருங்கல் வீடு கட்டியே தீருவேன் என்று நின்றாள். ஊரே சிரித்தது. சுரங்கம் அந்தப் பக்கம் நகரும் என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து அங்கே யாரும் குடியிருக்க வீடு கட்டுவதில்லை. நிலத்தை எடுக்க அளக்க வரும்போது நஷ்டஈட்டுக் கணக்கில் சேரட்டும் என்று வயல் நடுவே நாலு சுவரை எழுப்பி, ஷீட்டைப் போட்டு, பூட்டிவிடுவார்கள். உள்ளே ஒருநாளும் உலை கொதிக்காது. அவளையும் அந்தக் கூட்டத்தில்தான் சேர்த்தார்கள்.

"கெட்டிக்காரிதான். கல்லு வூடுன்னா கூடக் கெடைக்குமில்ல," என்றார் பக்கத்து நிலத்துக் கலியமூர்த்தி.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "நான் குடியிருக்கக் கட்டறேங்க. நீங்க ஒண்ணு கட்டிப் பூட்டி வெச்சிருக்கீங்களே, அதுல ஒரு நாள் படுத்து எழுந்துட்டு வந்து எங்கிட்ட பேசுங்க."

கலியமூர்த்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்.

வரைபடம் போட்டவள் தமிழ்மொழி. குவார்ட்டர்ஸில் அவர்கள் இருந்த அதே பிளாக்கில் வளர்ந்த பெண், இப்போது கட்டட இன்ஜினியர். சும்மா சொல்லக்கூடாது, படம் அழகாகத்தான் இருந்தது. மேற்கு வெயில் உள்ளே எட்டாத ஆழமான ஜன்னல்கள், நடுவில் வானம் தெரியும் கூடம், தெருவைப் பார்த்த சமையலறை. ஆனால் சுவர் மட்டும் சுவராக இல்லை. இரும்புச் சட்டத்தில் கல் பலகைகளைப் போல்ட் போட்டு மாட்டியிருந்தாள்.

"நோட்டீஸ் வந்தாலும் கவலையில்ல ஆன்ட்டி. கழட்டி லாரியில ஏத்தி, வேற எடத்துல அப்படியே மாட்டிக்கலாம்."

ராஜாங்கத்துக்கு வாயெல்லாம் பல். "இது புத்திசாலித்தனம். அவங்க வந்து நின்னா நம்மால இன்னா செய்ய முடியும்? அந்த மெஷினை ஓட்டினவன் சொல்றேன், கேளு காந்தி."

காந்திமதி படத்தை மடித்தாள். "எழுந்திருன்னு ஒருத்தன் சொல்றதுக்கு முன்னாடியே எழுந்து நிக்குமா நம்ம வூடு? காலம் பூரா மூட்டை கட்டிக்கினே இருந்துட்டேன். இந்தச் சுவரும் மூட்டை கட்டிக்கினு நிக்கணுமா? எனக்கு வாணாம். கல்லு மேல கல்லு வெச்சு, சிமென்ட் போட்டு, ஆழமா எறக்கு."

"அப்புறம் உடைச்சுதான் எடுக்கணும் ஆன்ட்டி. உங்களுக்கு ஒண்ணும் மிஞ்சாது."

"உடைக்கட்டும். என் கண்ணு முன்னால உடைக்கட்டும். நானா கழட்டிக் குடுக்க மாட்டேன்."

அன்றிலிருந்து ராஜாங்கம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. குவார்ட்டர்ஸை விட்டபின் குடிவந்த மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டில் சாப்பாட்டுத் தட்டைக்கூட அவரே எடுத்து வைத்துக்கொண்டார். அவளும் இறங்கி வரவில்லை. தமிழ்மொழி பெருமூச்சு விட்டுக்கொண்டே புதுப் படம் போட்டாள். முழங்கை நீளத்துக்குக் கனமான சுவர். திண்டிவனம் பக்கத்திலிருந்து லாரியில் கல் வந்து இறங்கியது.

அஸ்திவாரம் முடிந்து சுவர் எழும்பும் நாளில், ராஜாங்கம் யாரும் கூப்பிடாமலே வந்து நின்றார். வயல்களுக்கு அப்பால் வடக்கே சுரங்கத்து மண்மேடு தெரிந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கொத்தனார் வடக்கு மூலைக்கு ஒரு கல்லைத் தூக்கவும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

"அது பத்தாதுய்யா. இருக்கிறதுலயே பெரிய கல்லா எடு."

"எதுக்குங்க? இதே தாங்குமே," என்றார் கொத்தனார்.

"அந்தப் பக்கத்துலருந்துதான் வருவாங்க."

"அப்ப ரெண்டா வைங்க," என்றாள் காந்திமதி.