உப்பில்லாத அலுமாரி

குரக்கனை நான் வெறுக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு யாரும் வந்து, குரக்கன், கேழ்வரகு, எந்தப் பெயரிலும் அது உடம்புக்கு எவ்வளவு நல்லது தெரியுமா என்று என் காதில் ஓதக் கூடாது. தெரியும். மூன்று மாதம் தின்றவன் நான். பாலாவிப் பக்கத்துச் சிமெந்தைத் தண்ணீரில் குழைத்து வட்டமாகத் தட்டிச் சுட்டால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும் குரக்கன் ரொட்டி. கொள்ளையும் வெறுக்கிறேன். கௌபிப் பயறோடு மட்டும் ஒரு தற்காலிகச் சமாதானம் இருக்கிறது.

எல்லாம் பயத்தில் தொடங்கியது. நான் கருவாட்டு வியாபாரி. களப்போரம் மீன் உலர்த்தும் வாடி வைத்திருக்கிறேன். கட்டா, சுறா, நெத்தலி என்று என் கையால் உப்பில் புதைத்த மீன்களை எழுப்பி நிற்க வைத்தால் புத்தளம் நகரத்தில் மனிதர்களுக்கு இடம் இருக்காது. ஒரு நாள் காலை, என் வயதுக்காரன், என்னைப் போலவே கருவாட்டுக்காரன், தராசுக்குப் பக்கத்தில் நின்றபடியே சரிந்து விழுந்தான். அஸர் தொழுகைக்குள் அடக்கிவிட்டு வந்தோம். மையவாடியிலிருந்து திரும்பும்போதே நான் என் நெஞ்சை ஒட்டுக்கேட்கத் தொடங்கிவிட்டேன். ஐம்பதை எட்டிப் பார்க்கும் ஒருவன் தன் நெஞ்சை ஒட்டுக்கேட்டால் அது நூறு விதமாகப் பேசும். மணிக்கட்டில் நாடி பிடித்தேன், இருந்தது. கழுத்தில் பிடித்தேன், இருந்தது. கால் பெருவிரலில் பிடித்தேன், இல்லை. முடிந்தது, மவுத்து காலிலிருந்து ஏறுகிறது என்று முடிவு கட்டி, ஓட்டோ பிடித்து டொக்டரிடம் ஓடினேன்.

டொக்டர் சிங்களவர், நல்ல மனிதர், தமிழ் நன்றாகவே கதைப்பார். அவரையும் அன்று வெறுத்தேன்.

"முதலாளி, பிரஷர் கூட. மூணு மாசம் தாறன். உப்பைக் கொறைங்க. கருவாடு வேண்டாம். பயறு, கீரை, குரக்கன், இப்பிடிச் சாப்பிடுங்க. இறங்கினா சந்தோசம். இறங்காட்டி குளுசை, வாழ்க்கை பூரா."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் எனக்கு வியர்த்தது. என் வாப்பா ஒரே ஒரு குளுசையில் தொடங்கியவர். கடைசியில் ஒரு தகரப் பெட்டி நிறையக் குளுசைகளோடு முடிந்தார். காலைக்கு வெள்ளை, பகலுக்கு மஞ்சள், இரவு இஷாவுக்குப் பிறகு இரண்டு சிவப்பு. கலியாண வீட்டுக்குப் போனாலும் பெட்டி கூடவே போகும். அந்தப் பெட்டி எனக்கு வரக் கூடாது. என் பயங்களின் வரிசையில் பெட்டிக்கு முதலிடம், மவுத்துக்கு இரண்டாமிடம்.

ரிப்போட்டை மனைவியிடம் காட்டவில்லை. காட்டினால் அவள் கல்பிட்டியிலிருக்கும் தன் மூத்த ராத்தாமாருக்குச் சொல்வாள். அவர்கள் ஆளுக்கொரு சாப்பாட்டுக் கூடையோடு நோயாளி பார்க்க வந்து, என் கட்டிலைச் சுற்றிக் கதிரை போடுவார்கள். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஊரில் எவனுக்குச் சீனி வியாதி வந்தாலும், எவனுக்கு மூட்டு வலித்தாலும் பகிடி விட்டவன் நான். அந்தப் பகிடிகள் எல்லாம் ஒரே நாளில் திரும்பி வரும் என்று தெரியும். ஆகவே ரிப்போட்டை அலுமாரியில் சாரங்களுக்கு அடியில் ஒளித்துவிட்டு, குசினிக்குப் போய்ப் போர் அறிவித்தேன்.

"இண்டையிலருந்து இந்த வீட்டில மரக்கறிதான்."

அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"ஆருக்கு?"

"எனக்கு. உலகம் பூரா இப்ப இதுதான்."

"உலகம் பூரா கருவாடு வித்துப்போட்டா பயறு திங்கிது?"

பதில் இல்லாத கேள்விக்கு நான் கையால் பதில் சொல்லும் பழக்கமுள்ளவன். கருவாட்டுப் பொதியைத் தூக்கி வெளியே வைத்தேன். ஊறுகாயை வைத்தேன். உப்புப் போத்தலை வைத்தேன். கடைசியாக அவளுடைய மாசிக் கருவாட்டுப் போத்தலில் கை வைத்தேன். மாசிச் சம்பல் இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. அந்தப் போத்தலும் இருபது வருடமாகக் குசினி அலுமாரியின் அதே தட்டில், அதே மூலையில் இருப்பது. அதையும் தூக்கினேன். அப்போதுதான் சொல்லக் கூடாத ஒன்றைச் சொன்னேன்.

"இத்தன வருசமா எனக்கு நஞ்சைத்தானே ஆக்கிப் போட்டிருக்காய்!"

துருவல் நின்றது. அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். என்னிடமிருந்து மாசிப் போத்தலை, ஒரு பிள்ளையை வாங்குவது போல, வாங்கினாள்.

"சரி. இனி இது உங்கட குசினி. நான் இதுக்குள்ள மூக்கை நீட்ட மாட்டன். நீங்களும் என்னைக் கூப்பிடாதீங்க."

அன்றைக்கே மண்ணெண்ணெய் அடுப்பு பின் விறாந்தைக்குப் போனது. ஒரு வீடு, இரண்டு நாடு. தினமும் பகல், நான் பயறு அவித்துக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து அங்கே கட்டாக் கருவாடு பொரியும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துத்தான் அடுப்பை வைக்கிறாள் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன்.

என் நாட்டுக்கு உணவு சேர்க்க வேண்டும். அரைக் கிலோ, ஒரு கிலோ என்று வாங்க எனக்கு வராது. சின்ன லொறி ஒன்றைப் பிடித்துக்கொண்டு எலுவன்குளத்துக்கே போனேன். ஒரு விவசாயியிடம் குரக்கன் ஒரு மூட்டை, பயறு ஒரு மூட்டை, கௌபி, எள்ளு.

"கலியாண வீடா?" என்று கேட்டார்.

"இல்ல. நான் தனி ஆள்தான் திங்கிறது."

அவர் என் வயிற்றைப் பார்த்தார். நம்பிவிட்டார்.

வரும் வழியில் பாலாவிச் சந்தியில் கொள்ளு, கொண்டைக்கடலை, உழுந்து, தவிட்டோடு சிவப்பரிசி. வீட்டுக்கு வந்து பார்த்தால் குசினி அலுமாரியின் நான்கு தட்டும் ஒரு மூட்டைக்கே காணாது. வாடியிலிருந்து இரண்டு பலகைப் பெட்டிகளைக் கொண்டுவந்து, கிணற்றுத் தண்ணீரால் கழுவி, மூன்று நாள் வெயிலில் போட்டேன். அப்படியும் சுறா மணம் போகவில்லை. போகாவிட்டால் என்ன, மணத்தில் கொலஸ்ட்ரோல் இல்லை என்று எனக்கு நானே மார்க்கத் தீர்ப்பு வழங்கிக்கொண்டேன்.

பிறகு இன்னொரு பயம் வந்தது. வண்டு. மழைக்காலம் வருகிறது, இத்தனை தானியத்தையும் வண்டு தின்றுவிட்டால்? கருவாட்டுக்காரனுக்குப் பூச்சியும் ஈரமும்தான் பரம விரோதிகள். அவனுடைய கைக்குத் தெரிந்த ஆயுதமும் ஒன்றே ஒன்றுதான். மனைவியின் தம்பிக்கு உப்பளத்தில் வேலை, மிச்ச நேரத்தில் ஓட்டோ ஓட்டுவான். என் வாடிக்கு என்று அவன் இறக்கியிருந்த கல்லுப்பு அரை மூட்டை இருந்தது. பெட்டியில் ஒரு படை பயறு போட்டேன். அதன்மேல் இரண்டு கை உப்புத் தூவினேன். இன்னொரு படை பயறு, இன்னும் இரண்டு கை உப்பு. கொள்ளுக்கும் அப்படியே, கடலைக்கும் அப்படியே. குரக்கனை மில்லில் அரைத்து வந்து, அந்த மாவுக்கு உப்பைத் தூளாக இடித்து, ஒரு கட்டி இல்லாமல் கலந்து அலுமாரியில் வைத்தேன். வேலை முடிந்ததும் கையைத் தட்டிவிட்டு, எவ்வளவு சுத்தமான அலுமாரி, ஒரு துளி கருவாடு இல்லை, ஒரு கல்லு உப்பு இல்லை என்று பெருமையோடு நின்று பார்த்தேன்.

சிரிக்க வேண்டாம். சரி, சிரியுங்கள். ஆனால் தச்சன் ஆணியைச் சாப்பாட்டில் சேர்த்து எண்ணுவதில்லை. எனக்கு உப்பு அப்படித்தான். அது தொழில் சாமான். சாப்பாட்டு உப்பு என்பது போத்தலில் இருப்பது. அதைத்தான் நான் நாடு கடத்திவிட்டேனே.

போதாக்குறைக்குக் கைபேசியில் ஒருவன் வந்து, தானியத்தைக் கழுவிக் கழுவியே சத்தைத் தொலைக்கிறீர்கள் என்று அழாக்குறையாகச் சொன்னான். அன்றோடு கழுவுவதை நிறுத்தினேன். பெட்டியிலிருந்து சட்டிக்கு, சட்டியிலிருந்து வாய்க்கு.

ருசி என்றால் அப்படி ஒரு ருசி. குரக்கனைத் தவிர. அதை எந்த உப்பாலும் காப்பாற்ற முடியாது. ஆனால் பயறும் கொள்ளும்! உப்பே இல்லாமல் இவ்வளவு ருசியா என்று வியந்து, தேத்தண்ணிக் கடையில் போய் ஊருக்கே பயான் பண்ணினேன். "உப்பு எண்டது பழக்கம்டா! விட்டுப் பாருங்க, பயறே கதைக்கும்!" வடை தின்றுகொண்டிருந்தவர்களைப் பார்த்து, சொத்தை எழுதி வைத்துவிட்டுத் தின்னுங்கள் என்றேன். தாகம் எடுத்துக்கொண்டே இருந்தது, நஞ்சு வெளியே போகிறது என்றேன். கால் வீங்கிச் செருப்பு இறுகியது, செருப்பு சுருங்கிவிட்டது என்றேன்.

இரண்டாம் மாதம் மச்சான், அதுதான் உப்பளத்துக்காரன், வீட்டுக்கு வந்தான். அவித்த கடலையை ஒரு கோப்பை நிறைய வைத்தேன். ஒரு வாய் போட்டான். கண் விரிந்தது. தண்ணீர்ச் செம்பைத் தூக்கி முழுவதும் குடித்தான்.

"மச்சான், இதுக்கு உப்பு..."

"ஒரு கல்லு போடல்ல! ஓம், நம்ப மாட்டாய். உன்ட ராத்தாக்கிட்டக் கேள். போத்தலே அவவிட்டத்தான் இரிக்கி."

அவன் எழுந்து பெட்டியைத் திறந்து பார்த்தான். பின் விறாந்தைக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. போகும்போது என் தோளைத் தட்டி, "நல்லாப் பழுதாகாம இருப்பீங்க மச்சான்," என்றான். வாழ்த்து என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, செம்பால் பயறு அள்ளக் குனிந்தவன் நிமிரவில்லை. குசினி ஒரு சுற்றுச் சுற்றியது. பெட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் இருந்துவிட்டேன். செம்பு விழுந்த சத்தத்தில் அவள் எல்லையைத் தாண்டி ஓடி வந்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவை. தம்பியின் ஓட்டோவை வரச் சொன்னாள், என்னை ஏற்றினாள், பக்கத்தில் ஏறினாள்.

டொக்டர் ஒரு கையில் பிரஷர் பார்த்தார். மற்றக் கையிலும் பார்த்தார். கருவியைச் சந்தேகப்பட்டு இன்னொன்றைக் கொண்டுவரச் சொன்னார்.

"முதலாளி, போன முறையைவிட ஏறியிருக்கு. என்ன சாப்பிடுறீங்க?"

"பயறு, கொள்ளு, குரக்கன். அல்லாஹ் அறிய உப்பு ஒரு கல்லும் தொடல்ல."

"போன முறையா?" என்றாள் மனைவி. "இவருக்குப் பிரஷரா டொக்டர்?"

"மூணு மாசத்துக்கு முந்தியே சொன்னேனே. உப்பை விடச் சொன்னேன். வீட்டில சொல்லலையா?"

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியாது. பிறகு டொக்டரிடம் திரும்பி, பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும், பெட்டி, படை, இரண்டு கை உப்பு, கழுவாத பயறு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். டொக்டர் பேனையை வைத்தார். எழுந்து சுவரிலிருந்த கலண்டரைப் பார்க்கப் போனார். அவருடைய தோள்கள் குலுங்கின. வெகு நேரம் கலண்டர் பார்த்தார்.

வெளியே வந்ததும் நான் பாய்ந்தேன். பயந்தவனுக்குப் பாய்வது சுகம்.

"தெரிஞ்சுகொண்டே நீ சொல்லல்ல!"

"தெரிஞ்சுகொண்டே நீங்க சொல்லல்ல."

ஓட்டோக்குள் மச்சான் கண்ணாடியை நேராக்குவது போல நடித்தான்.

"நான் ஆக்கினது உங்களுக்கு வெறுத்துப் போச்சு எண்டு நினைச்சன்," என்றாள். "நஞ்சு எண்டீங்க. சரி, உப்பைத் திண்டு தாகத்தில திரியட்டும் எண்டு விட்டன். நீங்க பெட்டிக்குள்ள உப்புப் போடுறதைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரிச்சன். தம்பிக்கும் சொல்லாத எண்டன். ஒவ்வொரு நாளும் சிரிச்சன். நீங்க மவுத்தாகியிருந்தா அந்தச் சிரிப்பை நான் எங்க கொண்டு வைக்கிறது? சொல்லுங்க! எங்க வைக்கிறது?"

என்னிடம் எப்போதும் ஒரு பகிடி தயாராக இருக்கும். அன்று செருப்பைக் கழற்றி, வீங்கிய காலை அவளுக்குக் காட்டினேன்.

வீட்டுக்கு வந்து அவள் செய்த முதல் வேலை இரண்டு பெட்டிகளையும் முற்றத்தில் கவிழ்த்தது. பக்கத்து வீட்டு ஆடுகள் உப்புப் பயற்றுக்கு ஒன்றையொன்று முட்டி அடிபட்டன. இன்றைக்கும் எங்கள் படலையில் வந்து நின்று, நான் கதவைத் திறந்தால் நம்பிக்கையோடு பார்க்கின்றன. அலுமாரியைக் கழுவிக் காயவிட்டு, பயற்றையும் கொள்ளையும் ஒரு கிழமைக்குப் போதுமான அளவு மட்டும் வாங்கி, கழுவிய பால்மா டின்களில் போட்டாள். வண்டுக்குச் செத்தல் மிளகாயும் காய்ந்த வேப்பிலையும். சம்பலுக்கு, உப்புக்குப் பதில், தேசிக்காய்ப் புளி. முருங்கை இலை வேலியிலேயே இருந்தது. அது அங்கேதான் இருந்தது என்பதை நான் மூன்று மாதம் கவனிக்கவில்லை. என்னைக் குசினி வாசற்படிக்கு உள்ளே விடுவதில்லை. கையை நீட்டச் சொல்லி மோந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பாடு. குரக்கன் கிழமைக்கு இரண்டு நாள். அது தண்டனையா மருந்தா என்று கேட்டேன். "ரெண்டும்தான்," என்றாள்.

குளுசையும் வந்துவிட்டது. காலைக்கு ஒன்று, வெள்ளை. டொக்டர் எழுதித் தந்த அன்றைக்கு அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாப்பாவின் தகரப் பெட்டியை நினைத்து உட்கார்ந்திருந்தேன்.

"பெட்டியில போட மாட்டன்," என்றேன்.

"ஆர் பெட்டி தந்த?"

மறுநாள் காலை, குளுசைக்கு மட்டும் குசினிக்குள் வர அனுமதி கிடைத்து, அலுமாரியைத் திறந்தேன். பழைய தட்டில், பழைய மூலையில், அவளுடைய மாசிப் போத்தல் இருந்தது. மாசி இல்லை. கழுவித் துடைத்த போத்தலின் அடியில் என் குளுசை அட்டை கிடந்தது. மூடியைத் திறந்தேன். எத்தனை கழுவினாலும் இருபது வருட மாசி மணம் போகுமா? மூக்கை உள்ளே விட்டு, ஆழமாக ஒரு மூச்சு இழுத்தேன்.

"கெதியா மூடுங்க," என்றாள் அடுப்படியிலிருந்து, திரும்பிப் பார்க்காமலே. "மோந்தும் பிரஷரை ஏத்துற ஆள் நீங்க."